மிதக்கும் எலியும் சோர்ந்த மனிதரும்

25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீர் நிரப்பிய ஒரு கண்ணாடி உருளை. அதற்குள் ஒரு சுண்டெலி. எதிரே நிறுத்துக் கடிகாரத்துடன் முதுகலை மருந்தியல் மாணவர் ஒருவர். சோதனை ஆறு நிமிடம். கணக்கில் சேர்வது கடைசி நான்கு நிமிடம். சுண்டெலி நீந்தும்போது கடிகாரம் நிற்கும். மூக்கை மட்டும் நீருக்கு மேலே வைத்துக்கொண்டு அசையாமல் மிதக்கும்போது ஓடும். அந்த வினாடிகள் அட்டவணையாகின்றன, அட்டவணை வரைபடமாகிறது, வரைபடத்தின் ஒரு தூணின் மேல் நட்சத்திரக் குறி ஏறுகிறது. ஆய்வேட்டின் கடைசி இயலில் அது ஒரு வாக்கியமாக முடிகிறது: ‘இம்மருந்து மனச்சோர்வை நீக்கும் செயலுடையது.’

வினாடிகளிலிருந்து அந்த வாக்கியத்துக்குப் போக வழி எது என்று இந்திய மருந்தியல் துறைகளில் கேட்கப்படுவது அரிது. கேட்காமல் இருப்பதற்கு என்ன விலை என்பது வேறெங்கும் விட ஓபியாய்டு ஏற்பிகளைப் பற்றிய ஆய்வில் இப்போது தெளிவாகத் தெரிகிறது. கால் நூற்றாண்டாக எலிகளில் ‘மனச்சோர்வை நீக்கிய’ ஒரு மருந்துக் குடும்பம், மனிதரிடம் வந்தபோது ஒன்றன்பின் ஒன்றாகத் தடுக்கி விழுந்தது. 2025-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் இரண்டு பெரும் முயற்சிகள் சரிந்தன. இதற்குப் பின்னும் அதே உருளை, அதே கடிகாரம், அதே வாக்கியம் தொடருமானால் அதை அறிவியல் வழக்கம் என்று சொல்வதற்கில்லை. சடங்கு என்றே சொல்ல வேண்டும்.

கட்டாய நீச்சல் சோதனை 1977-ல் பிறந்தது. பிரான்சில் பணியாற்றிய ரோஜர் போர்சோல்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் எலிகளை முதல் நாள் 15 நிமிடம் நீரில் விட்டனர். மறுநாள் 5 நிமிடம் விட்டு, அசைவின்மையை அளந்தனர். இமிப்ரமின் போன்ற அக்கால மருந்துகள் அந்த அசைவின்மையைக் குறைத்தன. இதுவரை நிகழ்ந்தது ஓர் உற்றுநோக்கல், பயனுள்ள உற்றுநோக்கல். ஏற்கெனவே அறிந்த மருந்துகளைப் போன்ற பிற சேர்மங்களை ஆயிரக்கணக்கானவற்றிலிருந்து விரைவாகச் சலித்தெடுக்க ஒரு சல்லடை கிடைத்தது. ஆனால் அந்த அசைவின்மைக்கு ‘நடத்தை நம்பிக்கையிழப்பு’ என்ற பெயரும் கூடவே வந்தது. பெயர் வந்த பிறகு, சல்லடை மெல்ல மெல்ல நோயாக உருமாறியது. எட்டாண்டுகள் கழித்து, 1985-ல், சுண்டெலியை வாலால் தொங்கவிட்டு அசைவின்மையை அளக்கும் வால்தொங்கல் சோதனை வந்தது. அதற்கும் அதே பொருள் கற்பிக்கப்பட்டது. மனிதருக்கு வாரக்கணக்கில் உட்கொண்ட பின்னரே பயன் தரும் மருந்து, எலிக்கு ஒரு நாளில் மூன்று ஊசி போட்டதும் ‘பயன்’ தருகிறது என்ற முரணைக்கூட அந்தப் பெயர் மறைத்துவிட்டது.

அசைவின்மை என்றால் என்ன? தப்ப வழியில்லாத நீரில் முதல் நாள் பதினைந்து நிமிடம் கழித்த எலி, இரண்டு செய்திகளைக் கற்றுக்கொள்கிறது: சுவரில் ஏற முடியாது, மிதந்தால் மூழ்குவதில்லை. மறுநாள் அது விரைவாக மிதக்கத் தொடங்குவது அந்தக் கற்றலின் பயன். ஆற்றலைச் சேமிக்கும் விலங்கை நம்பிக்கையிழந்த விலங்கு என்று அழைப்பதற்கு அந்த விலங்கின் நடத்தையில் எந்தச் சான்றும் இல்லை. 1980-களிலேயே, அட்ரினல் சுரப்பி நீக்கப்பட்ட எலிகள் மறுநாள் குறைவாகவே மிதக்கின்றன என்பதும், குளுக்கோகார்டிகாய்டு கொடுத்தால் மிதப்பு மீள்கிறது என்பதும் காட்டப்பட்டன. அதாவது, மன உளைச்சலின்போது சுரக்கும் ஹார்மோன், கற்றதை நினைவில் பதியச் செய்கிறது. டி க்ளோட், மொலென்டைக் ஆகிய இருவரும் 2015-ல் இச்சான்றுகளைத் தொகுத்து, இந்த அசைவின்மை சூழலுக்குத் தக்க தகவமைப்பு, மனச்சோர்வின் அடையாளமாகாது என்று எழுதினர். காஃபீனும் ஆம்ஃபெட்டமைனும் கூட இந்த அசைவின்மையைக் குறைக்கும் என்பது பாடநூல் அறிந்த செய்தி. தேநீர்க்கடையில் ஒரு குவளை காப்பி அருந்தியவரை ‘மனச்சோர்வு சிகிச்சை பெற்றவர்’ என்று யாரும் பதிவு செய்வதில்லை. எலிக்கு மட்டும் அந்தப் பதிவு நடக்கிறது.

இந்தக் குறை எல்லா மருந்துகளுக்கும் பொது. ஆனால் ஓபியாய்டு ஏற்பிகளைத் தொடும் மருந்துகளுக்கு இது இரட்டிப்பாகிறது. மியூ, டெல்டா, காப்பா என்ற மூன்று முதன்மை ஏற்பிகளும் மனநிலையை மட்டும் ஆளவில்லை. வலி, உடல் வெப்பம், நடமாட்டம், சிறுநீர்ப் போக்கு, வலிப்பு, நினைவு ஆகிய ஒவ்வொன்றிலும் அவற்றுக்குக் கை உண்டு. நீரில் கிடக்கும் எலியின் அசைவை மாற்றக்கூடியவை அனைத்தும் இந்தப் பட்டியலில் அடங்கிவிடுகின்றன.

மியூ ஏற்பியை எடுத்துக்கொள்ளலாம். மார்ஃபின் பெற்ற சுண்டெலி மனிதரைப் போலத் தூங்கி வழிவதில்லை. கூண்டைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, வால் விறைத்து மேலே வளைகிறது. அப்படி ஓடும் விலங்கை நீரில் விட்டால் அசைவின்மை குறைவதில் வியப்பு என்ன? டெல்டா ஏற்பியைத் தூண்டும் எஸ்.என்.சி.80 என்ற சேர்மம் நீச்சல் சோதனையில் அசைவின்மையைக் குறைக்கிறது. அதே சேர்மம் நடமாட்டத்தையும் கூட்டுகிறது, வலிப்பையும் உண்டாக்குகிறது. காப்பா ஏற்பியைத் தூண்டும் மருந்துகள் எதிர்த்திசையில் செல்கின்றன: அளவு கூடினால் விலங்கை மயங்கச் செய்கின்றன, எலிகளில் உடல் வெப்பத்தைத் தாழ்த்துகின்றன. உடல் குளிர்ந்த எலி நீரில் குறைவாக நீந்தினால் அதைத் ‘துயரம்’ என்று எழுதுவது எந்தத் தர்க்கத்தில் சேரும்?

பதற்றத்துக்கான சோதனையும் இதே வலையில் சிக்கியதுதான். தரையிலிருந்து உயர்த்தப்பட்ட, கூட்டல் குறி வடிவப் பாதையில் இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. திறந்த கைகளில் அதிகம் உலவும் விலங்குக்குப் பதற்றம் குறைவு என்பது கணக்கு. டயாசிபாம் இதில் தேறுகிறது. ஆனால் விலங்கின் மொத்த நடமாட்டத்தை மாற்றும் மருந்து இந்தக் கணக்கையும் மாற்றும். ஒருமுறை அப்பாதையைக் கண்ட விலங்கிடம் மறுமுறை டயாசிபாமே எடுபடாமல் போவதும் அறிந்ததே. பாதையின் மேல் விழும் வெளிச்சமும், விலங்கைக் கையாளும் விதமும் எண்களை அசைக்கும். மூடிய கைகளுக்குள் எத்தனை முறை நுழைந்தது என்ற ஒரேயோர் எண்ணைக்கூட வெளியிடாமல் ‘பதற்றம் நீங்கியது’ என்று முடிக்கும் ஆய்வேடு, அளக்காததை அறிவிக்கிறது.

இதற்கு மாறான ஆய்வும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. 2000-ல் மியூ ஏற்பி இல்லாத சுண்டெலிகளும் டெல்டா ஏற்பி இல்லாத சுண்டெலிகளும் ஒன்றுக்கொன்று எதிரான நடத்தை காட்டின. டெல்டா இல்லாதவற்றில் பதற்றமும் அசைவின்மையும் கூடுதலாக இருந்தன. காப்பாவின் கதை இன்னும் செறிவானது. 2001-லும் 2003-லும், காப்பா ஏற்பியை மறிக்கும் நார்-பி.என்.ஐ. என்ற சேர்மம் எலிகளின் அசைவின்மையைக் குறைப்பதாக அறிக்கைகள் வந்தன. 2003-லேயே, உடலில் இயல்பாகச் சுரக்கும் காப்பா தூண்டியான டைனார்பினின் மரபணு இல்லாத சுண்டெலிகளில், தொடர் நீச்சலின் பின்விளைவுகள் எழவில்லை என்பது காட்டப்பட்டது. 2006-ல், சால்வியா என்ற மெக்சிகோத் தாவரத்திலிருந்து வரும் சால்வினோரின்-ஏ எலிகளின் அசைவின்மையைக் கூட்டியது. 2007-ல், காப்பா மறிப்பான்கள் கூட்டல் குறிப் பாதையில் திறந்த கைகளில் உலவுதலைக் கூட்டின. 2008-ல் வந்த ஆய்வு இவற்றுள் மிக நுட்பமானது: நீச்சல் உளைச்சலோடு இணைத்துப் பழக்கிய மணத்தைச் சுண்டெலிகள் பின்னர் வெறுத்து ஒதுங்கின, காப்பா ஏற்பியை மறித்தபோது அந்த வெறுப்பு உருவாகவில்லை.

இந்த வரிசையைக் கவனமாகப் படித்தால் கிடைக்கும் உண்மை இது: உளைச்சல் டைனார்பினை வெளிவிடுகிறது, டைனார்பின் காப்பா வழியாக அனுபவத்துக்குக் கசப்பேற்றுகிறது, அந்தக் கசப்பு கற்றலோடு சேர்ந்து நிலைக்கிறது. இது அரிய கண்டுபிடிப்பு. மனிதரிலும் இதற்கு ஆதாரம் உண்டு: காப்பாவைத் தூண்டும் மருந்து மனிதரிடம் மனக்குலைவையும் திரிபுணர்வையும் தோற்றுவிப்பதாக 1986-லேயே பதிவாகியிருக்கிறது. ‘உளைச்சலின் கசப்பைக் காப்பா ஏற்பி சுமக்கிறது’ என்று சொல்லியிருந்தால் அந்த வாக்கியம் இன்றும் தலைநிமிர்ந்து நிற்கும். ஆனால் அந்த வாக்கியத்துக்கு நிதியும் தலைப்புச் செய்தியும் கிடைப்பதில்லை. ‘புதிய மனச்சோர்வு மருந்து’ என்ற வாக்கியத்துக்கே கிடைக்கும். ஆகவே கசப்பு மனச்சோர்வாகப் பெயர் மாற்றப்பட்டது.

பெயர் மாற்றத்தின் விளைவுகள் பொதுவெளியில் உள்ளன. ஜே.டி.டிக் என்ற காப்பா மறிப்பான் எலிகளில் சிறப்பாகத் தேறியது. மனிதரில் முதற்கட்ட ஆய்விலேயே இதயத் துடிப்புக் கோளாறு தென்பட்டதால் கைவிடப்பட்டது. அடுத்து ஆல்க்ஸ்-5461: மியூ ஏற்பியைப் பகுதியளவு தூண்டி, காப்பாவை மறிக்கும் புப்ரெனார்பினோடு, மியூவை மட்டும் அடைக்கும் சாமிடார்பனைச் சேர்த்த கலவை. போதைப் பழக்கச் சிகிச்சை மையங்களில் நாவின் கீழ் வைக்கும் மாத்திரையாக இந்தியாவில் அறியப்பட்ட அதே புப்ரெனார்பின்தான் இது. 2018 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு, பயன் இடரை விஞ்சவில்லை என்று 21-க்கு 2 என்ற கணக்கில் வாக்களித்தது. 2019 பிப்ரவரியில் ஒப்புதல் மறுக்கப்பட்டது.

பின்னர் அடிகாப்ரன்ட். 2020-ல் வெளியான ஆய்வில் 89 பேர் பங்கேற்றனர். இன்பம் உணரும் திறன் குன்றியவர்களிடம், பரிசை எதிர்நோக்கும் நேரத்தில் மூளையின் பரிசு மையம் கூடுதலாக இயங்கியதாக அந்த ஆய்வு காட்டியது. நம்பிக்கை துளிர்த்தது, மூன்றாம் கட்டத்துக்குச் சென்றது, 2025 மார்ச்சில், பாதுகாப்பில் குறை இல்லையென்றும் பயன் போதவில்லையென்றும் கூறி ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் முயற்சியை நிறுத்தியது. அதற்கு இரு மாதங்களுக்கு முன், அதே குடும்பத்தைச் சேர்ந்த நவகாப்ரன்ட் தன் முதல் மூன்றாம் கட்ட ஆய்வில் வெற்று மாத்திரையை வெல்லவில்லை என்று நியூமோரா நிறுவனம் அறிவித்தது.

இங்கே எதிர்வாதம் எழும்; எழ வேண்டும். மனித ஆய்வுகள் தோற்கப் பல காரணங்கள் உண்டு: மருந்தின் அளவு தவறியிருக்கலாம், வெற்று மாத்திரை பெற்றவர்களும் பெருமளவு தேறியிருக்கலாம், மனச்சோர்வு என்ற ஒரே பெயரின் கீழ்ப் பல நோய்கள் ஒளிந்திருக்கலாம். எலியின் நீச்சலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? நியாயமன்று. ஆனால் இந்த வாதத்தை முன்வைப்பவர்கள் அதன் மறுபக்கத்தையும் ஏற்க வேண்டும். மருந்து மனிதரில் வென்றால் ‘எலிச் சோதனை முன்னறிவித்தது’ என்பதும், தோற்றால் ‘மனித ஆய்வு பிழையானது’ என்பதும் ஒரே வாயிலிருந்து வருமானால், அந்தச் சோதனையைப் பொய்ப்பிக்கக்கூடிய நிகழ்வே உலகில் இல்லை என்று பொருள். பொய்ப்பிக்க முடியாத ஒன்று ஆருடமாகலாம், அளவீடாகாது.

இரண்டாவது எதிர்வாதம் மென்மையானது: ‘நாங்கள் மனச்சோர்வை நீக்கும் மருந்து என்று சொல்லவில்லை, மனச்சோர்வு நீக்கி போன்ற விளைவு என்றுதான் எழுதுகிறோம்.’ அந்தப் ‘போன்ற’ என்ற சொல்லின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் போதும். முறைகள் இயலில் இருக்கும், விவாத இயலில் தேயும், சுருக்கத்தில் காணாமற்போகும், செய்தித்தாளில் ‘மனச்சோர்வுக்கு மருந்து கண்டுபிடிப்பு’ என்ற நான்கு பத்தியாக முடியும். உண்மையில் அடக்கம் வேண்டுமென்றால் அதற்கு எளிய வழி உண்டு: ‘அசைவின்மை இத்தனை வினாடி குறைந்தது’ என்று எழுதுவது. அப்படி எழுதினால் தலைப்பு மங்குகிறது என்பதே, தலைப்பின் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று.

மூன்றாவது எதிர்வாதம் இந்தியாவுக்கு உரியது. மூன்றிலும் கனமானதும் இதுவே. கண்ணாடி உருளையும் கடிகாரமும் மலிவானவை. முதுகலை மாணவருக்கு ஆய்வுக்கெனக் கிடைப்பது சில மாதங்கள். மூளை மின்பதிவுக் கருவியும், மரபணு மாற்றிய சுண்டெலியும், வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய காப்பா மருந்துகளும் எட்டாதவை. மார்ஃபின் வகை மருந்துகளுக்கோ 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் அனுமதி பெற வேண்டும். அந்த நிலையில் ஒரு மாணவர் வேறென்ன செய்வார்?

இந்தக் கேள்விக்கு ‘செய்யாதே’ என்று விடை சொல்பவர் மாணவரின் நிலையை அறியாதவர். ஆனால் மலிவான கருவி மலிவான முடிவுக்கு உரிமம் தருவதில்லை. பல்லாண்டுகளாகத் திரும்பத் திரும்ப அச்சாகும் ஒரு சூத்திரம் இருக்கிறது: உள்ளூர் மூலிகை ஒன்றின் சாறு, ஆறு ஆறாகப் பிரித்த சுண்டெலிகள், நீச்சல் சோதனை, அசைவின்மை குறைகிறது. பின்னர் நலாக்சோன் கொடுக்கப்படுகிறது, விளைவு மறைகிறது, ‘ஆகவே இச்சாறு ஓபியாய்டு அமைப்பின் வழியாக மனச்சோர்வை நீக்குகிறது’ என்று முடிவு. இந்த ‘ஆகவே’ எதையும் தாங்கவில்லை. நலாக்சோன் மியூவை முதலில் பற்றினாலும், அளவு கூடும்போது மூன்று ஏற்பிகளையும் மறிக்கும். மியூவைத் தூண்டுவது ஒரு கதை, காப்பாவை மறிப்பது நேர்எதிர்க் கதை. இரண்டையும் ஒரே ஊசியால் பிரித்தறிய இயலாது. போதாக்குறைக்கு, நீச்சலே உடலின் சொந்த ஓபியாய்டுகளைச் சுரக்கச் செய்யும் உளைச்சல். ஆகையால் நலாக்சோன் தொடுவது சாற்றையா, சோதனையையா என்பதே தெரியாது. நலாக்சோன் மட்டும் பெற்ற குழு, நடமாட்டத்தைத் தனியே அளந்த அட்டவணை, ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் ஆகிய மூன்றும் இல்லாமல் அந்த ‘ஆகவே’யை எழுதவிடும் நெறியாளர், மாணவருக்கு மருந்தியல் கற்பிக்கவில்லை, சூத்திரம் கற்பிக்கிறார்.

தேர்ந்த ஆய்வகங்களிலும் மருந்தின் இயல்பு ஆய்வாளரை ஏமாற்றக் காத்திருக்கிறது. நார்-பி.என்.ஐ. ஒருமுறை செலுத்தினால் வாரக்கணக்கில் காப்பாவை மறிக்கும். ஆனால் முதல் சில மணி நேரம் மியூவையும் மறிக்கும். ஊசி போட்ட அன்றே சோதித்தவருக்கும், ஒரு நாளோ அதற்கு மேலோ காத்திருந்து சோதித்தவருக்கும் கிடைப்பவை வெவ்வேறு மருந்துகளின் விடைகள். இத்தகைய நுணுக்கத்தை அறிந்து காத்திருப்பதற்குப் பணம் வேண்டியதில்லை, படிப்பு வேண்டும்.

பெண் விலங்குகளின் இன்மை இதைவிடப் பெரிய ஓட்டை. மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2011-ல் வெளியான கணக்கெடுப்பின்படி, நரம்பியலில் ஆண் விலங்குகளை மட்டும் கொண்ட ஆய்வுகள், பெண் விலங்குகளை மட்டும் கொண்டவற்றைப் போல ஐந்தரை மடங்கு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2016 முதல் இரு பாலையும் கருத்தில் கொள்ளுமாறு விண்ணப்பதாரர்களைப் பணித்தன. காப்பா ஆய்வில் இது வெறும் சமத்துவப் பேச்சு அன்று. மூளையின் பரிசுப் பாதையைத் தானே மின்னால் தூண்டிக்கொள்ளப் பழகிய எலிகளில், யு-50488 என்ற காப்பா தூண்டி ஆண்களின் ஊக்கத்தைப் பெண்களைவிட அதிகமாகக் குன்றச் செய்தது என 2014-லேயே காட்டப்பட்டது. நவகாப்ரன்ட் ஆய்விலோ, ஆண்களிடம் காணாத முன்னேற்றம் பெண்களிடம் ஓரளவு தென்பட்டதாக நிறுவனம் கூறியது. திசைகள் இரண்டும் பொருந்தவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. பல்லாண்டுகள் ஆண் எலிகளை மட்டும் நீந்தவிட்ட துறையிடம் இந்தப் பொருந்தாமைக்கு விடை இருக்க வாய்ப்பில்லை.

விலங்கின் தரப்பும் உண்டு. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்தான் இந்தியாவில் விலங்குச் சோதனைகள் கண்காணிக்கப்படுகின்றன. ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிக்குழு இருக்கிறது. வலியும் உளைச்சலும் தரும் சோதனைக்கு ஈடாக அறிவு கிடைக்க வேண்டும் என்பதே அக்குழுவின் இருப்புக்கு அடிப்படை. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் 2019-லேயே, மனநோயை விலங்கில் அப்படியே ‘மாதிரி’யாக்கும் விண்ணப்பங்களைப் பற்றி எச்சரித்தது. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வுக் கழகம் 2023 இறுதியில், இந்நீச்சலை மனச்சோர்வின் மாதிரியாகப் பயன்படுத்துவதற்கு எதிராக நிலைப்பாடு எடுத்தது. 2024-ல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இச்சோதனையைச் சட்டத்தாலேயே தடைசெய்தது. இந்திய நெறிக்குழுக்கள் அந்தத் தடையை நகலெடுக்க வேண்டும் என்பது இங்கு கோரிக்கை அன்று. உளைச்சலின் உடலியலைத் தெரிந்தே ஆய்பவருக்கு நீச்சல் ஒரு நேர்மையான கருவியாகலாம். மேலே சொன்ன 2003, 2008 ஆய்வுகள் அப்படிப்பட்டவை. ஆனால் ‘மனச்சோர்வை அளக்கிறேன்’ என்று எழுதி வரும் விண்ணப்பத்திடம், ‘எப்படி?’ என்று ஒரு வரியில் கேட்கும் கடமை குழுவுக்கு இருக்கிறது. விலங்குகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணிப் பார்த்துக் கையொப்பமிடும் குழு, தன் வேலையில் பாதியைத்தான் செய்கிறது.

செய்ய வேண்டியவை அரியவையும் அல்ல, பெருஞ்செலவு பிடிப்பவையும் அல்ல. ஆய்வேட்டின் தலைப்பிலும் சுருக்கத்திலும் நோயின் பெயருக்குப் பதிலாக அளந்த நடத்தையின் பெயர் நிற்க வேண்டும். ஓபியாய்டு ஏற்பியைத் தொடும் எந்த மருந்துக்கும், அதே அளவில், அதே நேரத்தில் நடமாட்டமும் உடல் வெப்பமும் அளக்கப்பட்டு அட்டவணையாக வெளிவர வேண்டும். எந்த விலங்கு எந்த மருந்து பெற்றது என்று அறியாத ஒருவரே கடிகாரத்தைப் பிடிக்க வேண்டும். குழுப் பிரிப்பு குலுக்கல் முறையில் நடக்க வேண்டும். எத்தனை விலங்குகள், ஏன் அத்தனை என்பதற்குக் கணக்கு இருக்க வேண்டும். விலங்காய்வு அறிக்கைகளுக்கான அரைவ் நெறிமுறைகள் 2010 முதல் கேட்டுவருவது இதைத்தான். பெண் விலங்குகள் இடம்பெற வேண்டும். இயன்றவர்கள், மனிதரிடமும் எலியிடமும் ஒரே வடிவில் நடத்தக்கூடிய சோதனைகளுக்குச் செல்ல வேண்டும்: பரிசின் நிகழ்தகவைக் கற்கும் திறனை அளக்கும் பணி மனிதருக்கு வகுக்கப்பட்டு எலிக்கும் தழுவப்பட்டிருக்கிறது. காப்பா மருந்துகள் மனிதரிடம் காட்டிய சிறு ஒளி தென்பட்டதும் பரிசு என்ற அந்தத் திசையில்தான். நீரில் மிதக்கும் திசையில் அன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, விளைவு கிடைக்காத ஆய்வேடும் தேற வேண்டும். சாறு கொடுத்தும் அசைவின்மை குறையாத மாணவரிடம், ‘அளவைக் கூட்டிப் பார்’, ‘அந்த இரண்டு எலிகளை விட்டுவிடு’ என்று ஆய்வுக்கூடத்தின் மூலையில் தாழ்ந்த குரலில் சொல்லப்படும் அறிவுரைதான் இத்துறையின் உண்மையான நோய். அந்த அறிவுரையைக் கேட்டு வளர்ந்தவர் பத்தாண்டுகளில் நெறியாளராகிறார். அவர் முன் அடுத்த மாணவர் கடிகாரத்துடன் நிற்கிறார்.

இழப்பு எங்கே விழுகிறது என்பதை மறக்கலாகாது. தோற்ற மருந்துக்காகத் தொழில் நிறுவனம் இழந்த பணம் அடுத்த காலாண்டில் ஈடாகிவிடும். ஈடாகாதது, இருக்கும் மாத்திரைகள் எதுவும் கைகொடுக்காமல், புதியது வருகிறது என்ற செய்தியைப் படித்துக் காத்திருந்தவரின் ஆண்டுகள். அவர் ஆய்வு இதழ்களைப் படிப்பதில்லை. ‘போன்ற’ என்ற சொல் எங்கே உதிர்ந்தது என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எலிக்குக் குணமாயிற்று என்ற செய்தி மட்டுமே. எலிக்கு அந்த நோய் இருந்ததேயில்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆறு நிமிடம் முடிந்ததும் மாணவர் அந்தச் சுண்டெலியை நீரிலிருந்து எடுத்து, துணியால் துடைத்து, கூண்டில் விடுவார். அது தன் மயிரை நக்கி உலர்த்திக்கொள்ளும். அப்போது அவர் குறிப்பேட்டில் எழுத வேண்டியது ஓர் எண். அந்த எண்ணுக்கு மேல் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் கணக்குக் காட்ட வேண்டும். அவரை விட முதலில், அவருடைய நெறியாளர் காட்ட வேண்டும்.